ஈரக் கையும் சிறு மின்னோட்டமும்

வெயிலில் நடந்து வந்தவரின் முதுகு நனைவதற்கும், தேர்வுக்கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருப்பவரின் உள்ளங்கை நனைவதற்கும் காரணம் ஒன்றல்ல. முன்னது உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் வழி. பின்னது பெரும்பாலும் மனத்தின் கிளர்ச்சிக்கு நரம்புகள் தரும் மறுமொழி. உள்ளங்கையும் உள்ளங்காலும் சூட்டைவிட அச்சம், பதற்றம், கூர்ந்த கவனம் ஆகியவற்றுக்கே முதன்மையாக வியர்க்கின்றன. இலேசான ஈரம் தோலின் பிடிமானத்தைக் கூட்டும் என்பதால், ஏறவும் பற்றவும் ஓடவும் வேண்டியிருந்த உயிரினங்களுக்கு இந்த ஏற்பாடு பயன்பட்டது என்று உடலியலாளர் கருதுகின்றனர். ஆனால் அந்த ஈரம் அளவு மீறிச் சொட்டத் தொடங்கும்போது பிடிமானம் கெடுகிறது. எழுதும் தாள் நைந்துபோகிறது. ரேஷன் கடையின் கைரேகைக் கருவி விரலை அடையாளம் காண மறுக்கிறது. காலில் கிடக்கும் ரப்பர் செருப்பு வழுக்குகிறது.

இந்நிலையை மருத்துவம் ஹைப்பர்ஹைட்ரோசிஸ், அதாவது மிகை வியர்வை நோய் என்று அழைக்கிறது. இதற்கான சிகிச்சைகளில் ஒன்று, கேட்ட மாத்திரத்தில் வியப்பூட்டக்கூடியது. நோயாளி இரண்டு தட்டுகளில் நிரப்பிய சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கைகளை வைத்துக்கொள்ள, அந்தத் தண்ணீரின் வழியாகக் குறைந்த அளவு மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அயன்டோஃபோரெசிஸ் எனப்படும் இம்முறை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தோல் மருத்துவத்தில் வழக்கில் உள்ளது. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு ஈரக் கையிலேயே மின்சாரம் பாய்ச்சுவது முரணாகத் தோன்றலாம். அந்த அறிவுரையும் சரியே, இந்தச் சிகிச்சையும் சரியே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மின்னோட்டத்தின் அளவிலும் வகையிலும் அதைக் கட்டுப்படுத்தும் முறையிலும் அடங்கியிருக்கிறது.

வியர்வைச் சுரப்பியும் அதன் நரம்பும்

மனித உடலின் தோலில் ஏறத்தாழ 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை எக்ரைன் சுரப்பிகள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. உட்தோலில் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும் ஒரு பகுதியும், அங்கிருந்து மேல்தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே திறக்கும் மெல்லிய குழாயும் சேர்ந்ததே ஓர் எக்ரைன் சுரப்பி. அது சுரக்கும் நீரில் சிறிதளவு உப்பும் மிகச் சிறிதளவு பிற பொருள்களும் கலந்திருக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் காணப்படும் அப்போக்ரைன் சுரப்பிகள் வேறு வகையானவை; பருவமடைந்த பின்னரே அவை செயல்படத் தொடங்குகின்றன, உடல் வாடையுடன் தொடர்புடையவையும் அவையே. எக்ரைன் சுரப்பிகள் உடலெங்கும் பரவியிருந்தாலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முதுகைவிடப் பல மடங்கு நெருக்கமாக அமைந்துள்ளன.

இச்சுரப்பிகளை இயக்குவது பரிவு நரம்பு மண்டலம். விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாக இயங்கும் நரம்புகளில், ஆபத்து நேரத்தில் உடலை ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தப்படுத்தும் பிரிவுக்கு இந்தப் பெயர். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் உடலின் வெப்பநிலையை ஓயாமல் கண்காணித்து, தேவைப்படும்போது பரிவு நரம்புகளின் வழியே வியர்க்கும்படி ஆணை அனுப்புகிறது. அந்த ஆணையை நரம்பின் முனையிலிருந்து சுரப்பிக்கு எடுத்துச் செல்லும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். மிகை வியர்வைக்கான மருந்துகளில் பலவும் இந்தப் பொருளைத் தடுப்பதன் மூலமே வேலை செய்கின்றன என்பதால் இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளங்கை மிகை வியர்வை உள்ளவரின் சுரப்பிகளை எடுத்து ஆராய்ந்தால் அவை எண்ணிக்கையிலோ உருவிலோ மற்றவர்களுடையவற்றிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடுவதில்லை. கோளாறு சுரப்பியில் இல்லை. அதற்கு வந்து சேரும் நரம்புத் தூண்டுதல் அளவுக்கு மீறியதாக இருக்கிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு இது காணப்படுவதால் மரபுக்கும் இதில் பங்குண்டு. இந்த உண்மை ஒரு பொதுவான தவறான எண்ணத்தை நீக்க உதவும். ‘பயந்த சுபாவம், அதனால்தான் கை வியர்க்கிறது’ என்று வீட்டிலும் பள்ளியிலும் எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கம். நடைமுறையில் பலருக்குக் கதை தலைகீழாக இருக்கிறது: கை வியர்த்துவிடுமே என்ற கவலை பதற்றத்தை வளர்க்க, பதற்றம் மேலும் வியர்வையை வரவழைக்க, இரண்டும் ஒன்றையொன்று துரத்தும் சுழலாகிவிடுகின்றன.

எது நோய், எது இயல்பு

சித்திரை வெயிலில், அதுவும் காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில், உடல் தெப்பமாக நனைவது நோயன்று. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாவது தடைப்பட்டு தோலிலேயே தங்கிவிடுகிறது. உடலும் குளிர்ச்சி கிடைக்காமல் மேலும் வியர்க்கிறது. நோய் என்று கொள்ளப்படுவது, வெப்பத்தைத் தணிப்பதற்குத் தேவையான அளவைத் தாண்டி, அன்றாட வேலைகளைக் கெடுக்கும்படி வியர்ப்பதையே.

மருத்துவர்கள் இதனை இரண்டாகப் பிரிக்கின்றனர். வேறு நோய் எதுவுமின்றி உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், முகம் போன்ற குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வியர்ப்பது முதன்மை மிகை வியர்வை. குறைந்தது 6 மாதங்கள் நீடித்திருத்தல், உடலின் இருபுறமும் ஒரே மாதிரி இருத்தல், வாரத்துக்கு ஒரு முறையேனும் நிகழ்தல், 25 வயதுக்கு முன்பே தொடங்கியிருத்தல், குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருத்தல், உறங்கும்போது நின்றுவிடுதல், அன்றாட வாழ்க்கையைப் பாதித்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றில் உறக்கத்தில் நிற்கும் தன்மை முக்கியமான தடயம்.

மற்றொரு நோயின் விளைவாகவோ மருந்தின் விளைவாகவோ வருவது இரண்டாம் நிலை மிகை வியர்வை. தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தல், நீரிழிவு மருந்து எடுப்பவருக்கு இரத்தத்தில் சர்க்கரை தாழ்தல், மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இரவில் படுக்கை நனையும்படி வியர்த்து, உடன் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால் காசநோயையும் நிணநீர்ப் புற்றுநோயையும் மனத்தில் கொண்டு உடனே பரிசோதனை செய்ய வேண்டும். நடுத்தர வயதுக்குப் பிறகு திடீரென்று தொடங்கும் வியர்வையும், உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும் வியர்வையும் இவ்வகையிலேயே சேரும். இத்தகையவருக்கு அடிப்படைக் காரணமான நோயைக் கண்டறியாமல் மின்னோட்டச் சிகிச்சையைத் தொடங்குவது பொருளற்றது.

நோயின் கடுமையை அளக்க நான்கு படிகள் கொண்ட எளிய அளவுகோல் ஒன்றை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். வியர்வை தொந்தரவே தராதது முதல் படி. பொறுத்துக்கொள்ளக்கூடியது இரண்டாம் படி. பொறுப்பது அரிதாக இருப்பது மூன்றாம் படி. பொறுக்கவே முடியாதது நான்காம் படி. வியர்க்கும் பரப்பைக் கண்ணால் காண மைனர் சோதனை உதவுகிறது. 1928இல் ரஷ்ய நரம்பியல் மருத்துவர் விக்டர் மைனர் வெளியிட்ட இம்முறையில், தோலில் அயோடின் கரைசலைப் பூசி உலரவிட்டு, அதன்மேல் மாவுச்சத்துப் பொடியைத் தூவுவார்கள். வியர்வை ஊறும் இடமெல்லாம் கருநீலமாக மாறிவிடும்.

முயலில் தொடங்கிய வழி

மின்சாரத்தைக் கொண்டு தோலின் வழியே பொருள்களை உள்ளே செலுத்தலாம் என்பதை அனைவரும் ஏற்கும்படி காட்டியவர் பிரான்சு நாட்டின் நான்ட் நகரைச் சேர்ந்த ஸ்டெஃபான் லெடுக். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் நடத்திய சோதனை இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. இரண்டு முயல்களை ஒரே மின்சுற்றில் அடுத்தடுத்து இணைத்து, முதல் முயலின் தோல்மீது நேர்மின்வாயில் ஸ்ட்ரிக்னின் என்னும் எட்டிக்கொட்டை நஞ்சின் உப்பையும், இரண்டாம் முயலின் தோல்மீது எதிர்மின்வாயில் சயனைடு உப்பையும் அவர் வைத்தார். மின்னோட்டம் செலுத்தியதும் முதல் முயல் வலிப்பு கண்டும் இரண்டாவது சயனைடு நஞ்சேறியும் இறந்தன. மின்னோட்டத்தின் திசையை மாற்றி அதே சோதனையைச் செய்தபோது முயல்களுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை.

இதன் விளக்கம் எளிது. நீரில் கரைந்த உப்பு மின்னேற்றம் கொண்ட துகள்களாகப் பிரிகிறது, இவையே அயனிகள். ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பதால் நேர்மின்வாய் நேர் அயனியையும் எதிர்மின்வாய் எதிர் அயனியையும் தோலுக்குள் தள்ளுகின்றன. திசை மாறினால் அவை வெளியே இழுக்கப்படுகின்றன. அயன்டோஃபோரெசிஸ் என்ற கிரேக்க வேர் கொண்ட சொல்லுக்கும் அயனியைச் சுமந்து செல்லுதல் என்பதே பொருள்.

இவ்வழியை வியர்வையோடு இணைத்தவர் ஜப்பானியரான இச்சிஹாஷி. 1936இல் அவர் அட்ரோபின் போன்ற கரைசல்களை மின்னோட்டத்தால் உள்ளங்கையில் செலுத்தி வியர்வை குறைவதைக் காட்டினார். 1952இல் பௌமன், லென்ட்சர் என்னும் இருவரும் மருந்து எதுவுமின்றி வெறும் குழாய்த் தண்ணீரிலேயே கைகால் வியர்வையை அடக்க முடியும் என்று அறிவித்தனர். சுமந்து செல்ல மருந்தே இல்லாத நிலையிலும் சிகிச்சைக்குப் பழைய பெயரே நிலைத்துவிட்டது. 1968இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிரெட் லெவிட் எளிய கருவி ஒன்றை விவரித்துக் கட்டுரை வெளியிட்டதும், ஆய்வகங்களில் இருந்த முறை மருத்துவர்களின் அன்றாடப் பயன்பாட்டுக்கும் பின்னர் நோயாளிகளின் வீடுகளுக்கும் வந்து சேர வழி பிறந்தது.

இதே நுட்பம் வியர்வையை வரவழைக்கவும் பயன்படுகிறது என்பது சுவையான செய்தி. 1959இல் கிப்சன், குக் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், வியர்வையைத் தூண்டும் பைலோகார்ப்பின் என்ற மருந்தைச் சிறு மின்னோட்டத்தால் குழந்தையின் கையில் செலுத்தி, ஊறும் வியர்வையின் உப்பை அளக்கும் சோதனையை வகுத்தனர். நுரையீரலையும் கணையத்தையும் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோயைக் கண்டறிய உலகெங்கும் இன்றும் இந்தச் சோதனையே அடிப்படை.

சிகிச்சை நடைபெறும் விதம்

கருவியின் அமைப்பு சிக்கலானதன்று. மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் ஒரு பெட்டி, அதிலிருந்து வரும் இரண்டு கம்பிகள், அவற்றோடு இணைந்த இரண்டு உலோகத் தகடுகள், தகடுகளை வைக்க ஆழமற்ற இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள் ஆகியவையே அதன் உறுப்புகள். தோல் நேரடியாக உலோகத்தில் படாதிருக்கத் தகட்டின்மேல் துணியோ துளையுள்ள பிளாஸ்டிக் விரிப்போ போடப்படும். உள்ளங்கையின் தசைப்பகுதி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, தட்டுக்கு ஒன்றாக இரு கைகளையும் வைத்த பிறகு, மின்னோட்டத்தைச் சுழியத்திலிருந்து மெல்ல மெல்ல உயர்த்துவார்கள். கைகளுக்குப் பொதுவாக 15 முதல் 20 மில்லிஆம்பியர் வரை பயன்படுகிறது. ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லிஆம்பியர். கால்கள் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் தாங்கும். தோல் மென்மையாக உள்ள அக்குளில் தட்டுக்குப் பதிலாக நனைத்த பஞ்சுத் திண்டுகளை வைத்து, மிகக் குறைந்த மின்னோட்டமே கொடுக்கப்படுகிறது. அங்கு பலனும் கைகால்களில் உள்ள அளவுக்கு உறுதியாக இருப்பதில்லை.

ஓர் அமர்வு 20 முதல் 30 நிமிடங்கள் நீடிக்கும். நேர்மின்வாய் உள்ள பக்கத்தில் வியர்வை கூடுதலாக அடங்குகிறது என்பதால், பாதி நேரம் கழிந்ததும் மின்னோட்டத்தைக் குறைத்து நிறுத்தி, திசையை மாற்றி மீண்டும் தொடங்குவார்கள். இரு கைகளும் சம பலன் பெற இதுவே வழி. வாரத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ என்ற கணக்கில் தொடர்ந்தால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் கை உலரத் தொடங்குகிறது. முதல் நான்கைந்து அமர்வுகளில் எந்த மாற்றமும் தெரியாமல் போவது இயல்பு. அந்தக் கட்டத்தில் நம்பிக்கையிழந்து கைவிடுபவர்கள், பலன் தொடங்கவிருந்த வேளையில் திரும்பிச் சென்றவர்களாகிவிடுகின்றனர்.

கை உலர்ந்த பிறகும் சிகிச்சையை ஒரேயடியாக நிறுத்திவிட முடியாது. இது நோயைத் தீர்ப்பதில்லை, அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் வியர்வை பழையபடி திரும்பிவிடும் என்பதால், வாரத்துக்கு ஒரு முறை முதல் மாதத்துக்கு ஒரு முறை வரை, அவரவர் உடலுக்கு ஏற்ற இடைவெளியில், பராமரிப்பு அமர்வுகள் தொடர வேண்டும். துருக்கியில் 112 நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு அமர்வுகளுக்குப் பிறகு வியர்வையின் அளவு சராசரியாக 81 விழுக்காடு குறைந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் வியர்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு இம்முறை கைகொடுக்கிறது என்பதே பல்வேறு ஆய்வுகளின் பொதுவான முடிவு.

தண்ணீரின் தன்மைக்கும் இதில் பங்குண்டு. மின்னோட்டம் கடப்பதற்கு நீரில் தாதுஉப்புகள் கரைந்திருக்க வேண்டும். குடிநீராக வாங்கப்படும் ஆர்.ஓ. கேன் தண்ணீரிலும் காய்ச்சி வடித்த நீரிலும் அவை மிகக் குறைவு என்பதால் மின்னோட்டம் போதிய அளவு ஏறாது. சோறு வேகவும் தலைமுடிக்கும் ஆகாது என்று குறை சொல்லப்படும் கடினத்தன்மையுள்ள குழாய்த் தண்ணீர் இதற்குப் பொருத்தமாக அமைகிறது. நீர் மிகவும் மென்மையாக இருந்தால் ஒரு சிட்டிகை உப்போ சமையல் சோடாவோ சேர்ப்பதுண்டு. ஆனால் உப்பைக் கூட்டினால் பலன் கூடும் என்று எண்ணக் கூடாது. உப்புக் கரைசலைவிட வெறும் குழாய்த் தண்ணீரே வியர்வையை நன்றாக அடக்குகிறது என்பது ஆய்வில் தெரிந்த உண்மை.

வியர்வை ஏன் அடங்குகிறது

இவ்வளவு காலம் வழக்கில் இருந்தும், சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு முடிந்த முடிபான விடை கிடைக்கவில்லை. தொடக்கத்தில் எழுந்த கருத்து, மின்னோட்டத்தால் வியர்வைக் குழாயின் வாயில் மேல்தோலின் புரதம் திரண்டு அடைத்துக்கொள்கிறது என்பது. நுண்ணோக்கியில் தேடியபோது அத்தகைய அடைப்பு எப்போதும் காணப்படவில்லை என்பது இக்கருத்துக்கு எதிராக நின்றது. அடைப்பு உருவாகியிருந்தால் கோடையில் வேர்க்குரு வந்தது போலக் கொப்புளங்கள் எழ வேண்டும். அவ்வாறும் பெரும்பாலும் நிகழ்வதில்லை.

1993இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வியர்வைச் சுரப்பி ஆய்வாளர் கென்சோ சாட்டோவும் உடன் பணியாற்றியோரும் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். நீரில் மின்னோட்டம் பாயும்போது நேர்மின்வாயில் நீர் சிதைந்து ஹைட்ரஜன் அயனிகள் உருவாகின்றன. அமிலத்தன்மைக்குக் காரணம் இவையே. நேர்மின்னேற்றம் கொண்ட இந்த அயனிகள் நேர்மின்வாயால் விலக்கப்பட்டு, தோலில் மின்தடை குறைந்த வழியாகிய வியர்வைக் குழாய்க்குள் புகுந்து அதனை அமிலமாக்கி, அதன் செயலைத் தடுக்கின்றன என்பது அவர்களது கருத்து. நேர்மின்வாய்ப் பக்கம் ஏன் கூடுதலாக உலர்கிறது, மின்னோட்டத்தை உயர்த்த ஏன் பலனும் உயர்கிறது, உப்புக் கரைசலைவிட நீர் ஏன் மேலாக இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் இவ்விளக்கம் ஒருசேரப் பொருந்துகிறது. உப்பு மிகுந்த நீரில் மின்னோட்டத்தைச் சோடியம் அயனிகளே பெரிதும் சுமந்துகொள்வதால் ஹைட்ரஜன் அயனிகளுக்கு அங்கு இடம் குறைகிறது.

உள்ளங்கை உலர்ந்துவிட்டால் உடற்சூடு எங்கே போகும் என்று அஞ்சுவோர் உண்டு. ஒருவரது கையின் உட்பரப்பு, விரல்களையும் சேர்த்து, அவரது உடல் தோலில் ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே. எஞ்சிய தோலின் சுரப்பிகள் வழக்கம்போல் வேலை செய்வதால் உடல் குளிர்ச்சிக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை. சிகிச்சையால் சுரப்பிகள் அழிந்துவிடுவதும் இல்லை.

எச்சரிக்கைகள்

சிகிச்சையின்போது தோலில் ஊசி குத்துவது போன்ற கூச்சமும் இலேசான எரிச்சலும் இருக்கும். பிறகு சிறிது நேரம் சிவந்திருக்கும். தோல் அளவுக்கு மீறி உலர்ந்து வெடித்தால் ஈரப்பதம் தரும் களிம்பைப் பூசி, அமர்வுகளின் இடைவெளியைக் கூட்டலாம். கையில் கீறலோ வெட்டுக்காயமோ இருந்தால் மின்னோட்டம் அந்த இடத்தில் குவிந்து சுடும் என்பதால், முன்னதாகவே அதன்மேல் வாசலின் தடவி மூடிவிட வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றையும், கால்களுக்குச் சிகிச்சை பெறுபவர் கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிட வேண்டும். கழற்றத் தயங்கி மெட்டியோடு காலை வைத்தால் உலோகத்தைச் சுற்றியுள்ள தோல் புண்ணாகும்.

மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கையைத் திடீரென்று தண்ணீரிலிருந்து எடுக்கக் கூடாது. சுற்று சட்டென்று துண்டிக்கப்படுவதால் அதிர்ச்சி ஏற்படும். கூச்சம் தாங்காத சிறுவர்களுக்கு, தொடர்ந்து பாயாமல் விட்டுவிட்டுப் பாயும் துடிப்பு மின்னோட்டம் உகந்தது. ஆனால் பலன் தெரியச் சற்றுக் கூடுதல் காலம் ஆகலாம்.

இரு கைகளும் இரு தட்டுகளில் இருக்கும்போது மின்னோட்டம் ஒரு கையில் ஏறி மார்பைக் கடந்து மறு கையில் இறங்குகிறது. எனவே இதயத்துக்கு பேஸ்மேக்கரோ மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியோ பொருத்தப்பட்டவர்களும், இதயத் துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவர்களும் இச்சிகிச்சையை மேற்கொள்ளக் கூடாது. கருவுற்ற பெண்களுக்கும், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், மின்னோட்டம் செல்லும் வழியில் செயற்கை மூட்டு, உலோகத் தகடு போன்றவை வைக்கப்பட்டவர்களுக்கும் இது தவிர்க்கப்படுகிறது.

சிகிச்சைக் கருவி எளிதாகத் தோன்றுவதால் அதை வீட்டிலேயே செய்துவிடலாம் என்ற எண்ணம் சிலருக்கு எழுவதுண்டு. வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் அழுத்தமுள்ள, நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுதிசை மின்னோட்டம். தசைகளை இறுகப் பிடித்து இதயத்தின் துடிப்பையே குலைக்கக்கூடியது அது. வீடுகளில் உயிர் காக்கப் பொருத்தப்படும் மின்கசிவுத் துண்டிப்பான்கள் பொதுவாக 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை அறுத்துவிடும்படி அமைக்கப்படுகின்றன. சிகிச்சையில் பயன்படும் அளவுக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் அதிகமில்லை. சிகிச்சைக் கருவி தருவது ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டம். அதன் அளவு படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கி, குறித்த எல்லையைத் தாண்டாதபடி காக்கப்படுகிறது. இந்தக் காப்பு இல்லாத மின்கலப் பெட்டிகளும் மொபைல் சார்ஜர்களும் சிகிச்சைக் கருவிகள் ஆகமாட்டா. மருத்துவமனையில் முறையைக் கற்றுக்கொண்டு, அதற்கெனத் தயாரிக்கப்பட்ட கருவியை வாங்கி வீட்டில் பயன்படுத்துவதே சரியான வழி.

மற்ற வழிகளுக்கு நடுவே

மிகை வியர்வைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது வழக்கமாக அலுமினியம் குளோரைடு கரைசல். இரவில் உலர்ந்த தோலில் பூசிக் காலையில் கழுவ வேண்டிய இம்மருந்து அக்குளில் நன்கு பயன்பட்டாலும், தடித்த தோலுடைய உள்ளங்கையில் அந்த அளவுக்குப் பயன் தருவதில்லை, எரிச்சலும் உண்டு. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் ஆக்சிபியூட்டினின், கிளைகோபைரோலேட் போன்ற மாத்திரைகள் உடல் முழுவதும் வியர்வையைக் குறைக்கும். கூடவே வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் போன்ற தொல்லைகளையும் தரும். வெறும் நீரில் பலன் காணாதவர்களுக்கு இதே கிளைகோபைரோலேட்டை நீரில் சேர்த்து மின்னோட்டச் சிகிச்சை அளிப்பதும் உண்டு. அப்போது அயன்டோஃபோரெசிஸ் தன் பெயருக்குரிய மருந்து சுமக்கும் வேலையை மீண்டும் செய்கிறது.

பொட்டுலினம் நஞ்சை நுண்ணிய அளவில் தோலுக்குள் ஊசியாகச் செலுத்துவது அசிட்டைல்கோலின் வெளிப்படுவதையே தடுக்கும் முறை. அக்குளின் கடும் வியர்வைக்கு 2004இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதனை ஏற்றது. பலன் சில மாதங்கள் நிற்கும், செலவு மிகுதி, உள்ளங்கையில் பல இடங்களில் ஊசி போடும்போது வலியும் மிகுதி. மார்புக்குள் உள்ள பரிவு நரம்பை அறுவைச் சிகிச்சையால் துண்டிப்பது கைகளை உடனே உலர வைக்கும் என்றாலும், முதுகு, வயிறு, தொடை ஆகியவற்றில் ஈடுசெய் வியர்வை எனப்படும் புதிய வியர்வை பெருகி, முன்பிருந்ததைவிடப் பெரிய தொல்லையாகச் சிலருக்கு மாறுகிறது; துண்டித்ததை எளிதில் மீட்கவும் இயலாது. ஆகவே அது கடைசி வழியாகவே கருதப்படுகிறது.

இவற்றோடு ஒப்பிடும்போது குறை மின்னோட்டச் சிகிச்சையின் இடம் தெளிவாகிறது. வெறும் நீரில் செய்யும்போது உடலுக்குள் மருந்து செல்வதில்லை, கத்தி படுவதில்லை, வேண்டாதபோது நிறுத்திவிடலாம், வாங்கிய கருவி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இதற்கு ஈடாக அது கேட்பது நேரத்தையும் ஒழுங்கையும். நீரிழிவு நோயாளி தன் மாத்திரையைத் தொடர்வது போல, இச்சிகிச்சை பெறுபவரும் வாரத்தில் அரை மணி நேரத்தைத் தொடர்ந்து ஒதுக்கியாக வேண்டும். நிரந்தரத் தீர்வு என்ற விளம்பரச் சொல்லோடு இதை விற்பவர் எவராயினும் அவர் கூறுவது உண்மையன்று.

சிகிச்சை இவ்வளவு எளிதாக இருந்தும் இதனால் பயன்பெறக் கூடியவர்களில் பலர் மருத்துவரிடம் செல்வதே இல்லை. வியர்வைக்கு மருத்துவம் உண்டு என்பதையே அறியாமல், கைக்குட்டையை மடித்துத் தாளின்மேல் வைத்து எழுதிப் பழகியவர்களாக அவர்கள் வளர்ந்துவிடுகின்றனர். ஓ.எம்.ஆர். விடைத்தாள் நனைந்துவிடுமோ என்று அஞ்சி எழுதும் மாணவரைக் காணும் ஆசிரியரும் பெற்றோரும், அதைக் கூச்சமாகவோ கோழைத்தனமாகவோ எண்ணிக் கடிந்துகொள்ளாமல், ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கடமை. இந்நோய் பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதனை அறிந்துகொள்வதும் அந்தப் பருவத்திலேயே நிகழ வேண்டும்.